மறு உத்தரவு வரும்வரை

"தண்ணி வருதா?"

"வரல."

"குழாயைத் திறந்துதான வச்சிருக்க?"

"பதினாலு வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு. எனக்குக் குழாய் திறக்கத் தெரியுமான்னு இன்னிக்குத்தான் சந்தேகம் வந்துச்சா?" என்றாள் மனைவி. பின்னால் மாமனார் ஏதோ கேட்பது போனில் விழுந்தது. "அப்பா கேக்கிறார், பர்மனென்ட் ஆயிடுச்சான்னு."

"திங்கக்கிழமை காலையில பதினொரு மணிக்கு எப்படி ஆகும்?"

"அவர் தினமும்தான் கேக்கிறார். நானும் தினமும்தான் பதில் சொல்றேன்," என்று போனை வைத்துவிட்டாள்.

டெம்பரரி புது மெஷினின் திரையைப் பார்த்தார். 'இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தெருவுக்கு முறை இல்லை' என்று அது நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. குடிநீர் வாரியத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்த அன்று கொடுத்த அடையாள அட்டையில் அந்தப் பெயரைச் சின்னதாகவும் 'டெம்பரரி' என்பதைப் பெரிதாகவும் அச்சடித்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி எடுத்தார்கள். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. வாசல் காவலர் முதல் தலைமைப் பொறியாளர் வரை எல்லோருக்கும் அவர் டெம்பரரி சார்தான். போனை எடுத்தால் அவரே "டெம்பரரி பேசறேன்" என்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

அந்தப் பிரிவுக்கு வாரியம் ஒதுக்கியிருந்த நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. வருஷா வருஷம் அதற்கு விண்ணப்பம் போடுவார். வருஷா வருஷம் ஒரே வரியில் பதில் வரும்: 'காலிப் பணியிடம் இல்லை.' யாரோ ஒரு புண்ணியவான் அந்த நாற்காலியை அமுக்கிக்கொண்டிருக்கிறான், பெரிய இடத்துச் சொந்தக்காரனாக இருப்பான், தலைமை அலுவலகத்தில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பான் என்று டெம்பரரி தானாகவே முடிவு கட்டியிருந்தார். யார் என்று விசாரித்ததில்லை. பெரிய இடத்து விஷயத்தை விசாரித்தால் இருக்கிற தற்காலிகமும் போய்விடும் என்ற பயம். அவருடைய மனைவி மட்டும் பதில் வரும் நாளெல்லாம் அந்த முகம் தெரியாத ஆளை நெட்டி முறித்துச் சபிப்பாள்.

பர்மனென்ட் ஆனால் ஊழியர் குடியிருப்பில் வீடு கிடைக்கும். மாமனார் வீட்டு மாடியிலிருந்து இறங்கிவிடலாம். அந்த மாடிப்படியில் பதினாலு வருஷமாக அவர் செருப்புச் சத்தம் கேட்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். அது போதாதென்று ஒரு விதி வேறு. நாற்பத்தைந்து முடிந்தவருக்கு நிரந்தரப் பணி கிடையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது.

தலைமைப் பொறியாளர் அம்மா போன வாரம்தான் கூப்பிட்டுச் சொன்னார்: "பழைய மெஷின் எந்த நிமிஷமும் மண்டையைப் போட்டுடும். வெள்ளிக்கிழமை சேர்மன் வர்றார். அதுக்குள்ள தண்ணி புரோகிராம் மொத்தமும் புது மெஷின்ல ஓடணும். ஓடிச்சுன்னா உங்க ஃபைல்ல அன்னிக்கே நான் எழுதறேன். இந்தத் தடவை காலி இருக்கா இல்லையான்னு நானே பாத்துக்கிறேன்."

"சோதனை எங்க மேடம் பண்றது?"

"உங்க தெருவுலயே பண்ணுங்க. திட்டினா உங்களைத்தான திட்டுவாங்க."

ஊருக்குத் தண்ணீர் விடுவது எண்பத்து நான்கு புரோகிராம்களின் வேலை. எண்பத்து நான்குக்கும் பொதுவான காரியங்கள் சில உண்டு. இன்று என்ன கிழமை என்று பார்ப்பது, மணி பார்ப்பது, வால்வைத் திறப்பது, மூடுவது. இவற்றை ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப எழுதாமல் ஷேர்டு லைப்ரரி என்று தனியாக வைத்திருப்பார்கள். குடியிருப்பு முழுவதுக்கும் ஒரே ஏணி இருப்பது மாதிரி. வேண்டியவர் எடுத்து ஏறிக்கொள்ளலாம், ஏணி எங்கே சாத்தியிருக்கிறது என்று மட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லிவைப்பதற்குப் பெயர்தான் லிங்க் பண்ணுவது.

பழைய மெஷினில் அதைச் சொல்லும் பாஷை வேறு, புது மெஷினில் வேறு. ஒழுங்காகச் செய்வதென்றால் எண்பத்து நான்கு இடத்திலும் கை வைக்க வேண்டும். டெம்பரரி ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினார். வரிசையாக ஆணைகள் எழுதிய ஒரு பக்கம், அவ்வளவுதான். அது நடுவில் துபாஷி மாதிரி நின்றுகொண்டு, பழையது கேட்பதைப் புதியதுக்குப் புரியும்படி சொல்லும். பழையது கேட்கிற ஏணி இல்லையென்றால், கிட்டத்தட்ட அதே பெயரில் இருக்கிற இன்னொரு ஏணியைக் காட்டும். எண்பத்து நான்கும் மளமளவென்று லிங்க் ஆகிவிட்டன. தன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போன் போட்டபோதுதான் தண்ணீர் வரவில்லை.

காரணம் கண்டுபிடிக்க மதியம் ஆயிற்று. பழைய லைப்ரரிக்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். அதே பெயரில் இருந்த புதிய லைப்ரரிக்குத் திங்கட்கிழமை. ஆக ஊரெல்லாம் திங்கட்கிழமை வேலைக்கு வந்திருக்க, புது மெஷின் மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் இருந்தது.

"சின்ன விஷயம்," என்று டெம்பரரி ஸ்கிரிப்ட்டில் நான்கு வரி சேர்த்தார். யார் கிழமை கேட்டாலும் நடுவில் மறித்து ஒன்று கூட்டிச் சொல்லும் ஒரு குட்டி லைப்ரரியை அது செருகியது. பக்கத்தில் 'இப்போதைக்கு' என்று ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை போன் அவருக்கு வந்தது.

"தண்ணி வருது," என்றாள் மனைவி.

"அப்பாடா."

"அப்பாடா இல்லீங்க. ஏழு மணிக்கு வந்தது. இப்ப மணி பத்தரை. மேல் தொட்டி வழிஞ்சு, படி வழியா இறங்கி, அப்பா ரூமுக்குள்ள போயிடுச்சு."

வால்வு திறக்கும் புரோகிராம்தான் லைப்ரரியிடம் கிழமை கேட்டது. மூடும் புரோகிராமையோ முன்பே எப்போதோ யாரோ ஒருவர் திருத்தி, மெஷினிடமே நேராகக் கிழமை கேட்டுத் தானே ஒன்று கூட்டிக்கொள்ளும்படி செய்துவைத்திருந்தார். அதன்மேல் டெம்பரரியின் ஒன்றும் சேர்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமையைப் புதன்கிழமை என்று எண்ணிக்கொண்டு, புதனன்று திறந்த தண்ணீர் எதுவும் இல்லையே என்று அது மூடாமலே இருந்துவிட்டது. வால்வுக்காரர் சாவியோடு சைக்கிளில் போய்க் கையால் மூடும்போது பன்னிரண்டு மணி.

திரும்பி வந்த வால்வுக்காரர் நனைந்த காலோடு வாசலிலேயே நின்றார். "உங்க மாமனார் ரொம்ப அமைதியான மனுஷன் சார். ஒரு வார்த்தை திட்டல. உங்க பேரு என்னன்னு மட்டும் என்கிட்ட கேட்டார்."

"அவருக்குத் தெரியுமே."

"அதான் சார் எனக்கும் பயமாயிருந்துச்சு."

அன்று மாலை வீட்டில் அவருக்குக் காபி வரவில்லை. கேட்கவும் இல்லை. மாமனாரின் மெத்தை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் மாடிப்படி.

புதன்கிழமை அந்தக் குட்டி லைப்ரரியைப் பிடுங்கிப்போட்டார். அதோடு சேர்ந்து இன்னும் மூன்று துண்டுகள் கழன்றுகொண்டன. 'வால்வை மூடும் பகுதி கிடைக்கவில்லை' என்று லிங்க் பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்துத் தலைமைப் பொறியாளர் அம்மா பின்னால் வந்து நின்றார்.

"எப்படிப் போகுது?"

"போய்க்கிட்டே இருக்கு மேடம்."

"சிவப்பா ஏதோ வருதே?"

"அது ஒண்ணுமில்ல மேடம். இதோ."

அந்த 'இதோ'வில்தான் டெம்பரரி செய்யக்கூடாததைச் செய்தார். இல்லாத லைப்ரரி எதைக் கேட்டாலும், அதே பெயரில் காலியாக ஒன்றை அந்த இடத்திலேயே உண்டாக்கிக் கொடுக்கும்படி ஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லிவிட்டார். உள்ளே ஒன்றும் இருக்காது. எதைச் செய்யச் சொன்னாலும் 'சரி, ஆயிற்று' என்று மட்டும் பதில் சொல்லும். அம்மா போனதும் உள்ளே சரக்கை நிரப்பிவிடலாம் என்று நினைத்தார். பக்கத்தில் 'இப்போதைக்கு' என்று எழுதினார். திரை முழுவதும் பச்சையாயிற்று.

"பாருங்க, இவ்வளவுதான்," என்றார் அம்மா மகிழ்ச்சியாக. "ஓட்டுங்க, நானும் பாக்கிறேன்."

ஓட்டாமல் என்ன செய்வது. ஓட்டினார். 'வால்வு திறந்தது. சரி. வால்வு மூடியது. சரி.' அம்மா தோளில் தட்டாத குறையாகப் பாராட்டிவிட்டுப் போனார். மூன்று மணி நேரம் கழித்துப் போன் அடித்தது.

"நிக்கவே மாட்டேங்குதுங்க."

"ஸ்கிரீன்ல மூடியிருக்கே."

"அப்ப அந்த ஸ்கிரீனைக் கொண்டுவந்து இங்க அடைச்சு வைங்க. இருங்க, அப்பா பேசணுமாம்."

மாமனார் போனை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்ளே, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க மாமா."

"முட்டி வரைக்கும் தண்ணில நிக்கிறேன். இந்தத் தண்ணி டெம்பரரியா, பர்மனென்ட்டா?"

வால்வுக்காரர் மறுபடி சைக்கிளை எடுத்தார்.

வியாழக்கிழமை டெம்பரரி தன் கர்வத்தை விழுங்கிக்கொண்டு பழைய சாருக்குப் போன் செய்தார்.

பழைய சார் என்பவர் இந்த நாற்காலியில் இவருக்கு முன் இருந்தவர். லைப்ரரிகள் அத்தனையும் அவர் கைவேலை. அவற்றை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் வைக்காமல், மெஷினுக்குள் தன் பெயரில் இருந்த சொந்த ஃபோல்டரில் போட்டுவைத்து, 'இப்போதைக்கு இங்கே இருக்கட்டும், அடுத்த வாரம் மாற்றணும்' என்று குறிப்பு எழுதியிருந்தார். அடுத்த வாரம் ராஜினாமா கொடுத்துவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். டெம்பரரி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், போனவருக்கு மெஷினில் நுழையும் கணக்கு எதற்கு என்று யாரோ அவருடைய கணக்கை மெஷினிலிருந்து நீக்கினார்கள். கணக்கோடு ஃபோல்டரும் போயிற்று. அரை நாள் ஊரில் ஒரு குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. டெம்பரரிதான் நாக்குத் தள்ள ஓடியாடி, காப்பு நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டார். 'மேற்படியாரின் கணக்கை மறு உத்தரவு வரும்வரை நீக்கக் கூடாது' என்று கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அப்போதிருந்த சேர்மன் அவரைத் தேடிவந்து கை குலுக்கினார். வாரியத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே கைகுலுக்கல் அது.

"யாரு தம்பி? ஓ, வாரியமா," என்றார் பழைய சார். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. "நல்லா ஞாபகம் இருக்கு. நல்ல ஆபீஸ்ப்பா அது. வருஷா வருஷம் என் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பறாங்க. என் சொந்தப் பையன் அனுப்பல."

இந்த ஆபீசில் தன் பிறந்தநாள் ஒருவருக்கும் தெரியாது, அது ஒரு விதியாகத்தான் எல்லோருக்கும் தெரியும் என்று டெம்பரரி கசப்போடு நினைத்துக்கொண்டார். "சார், உங்க லைப்ரரியை எல்லாம் புது மெஷினுக்குக் கொண்டு போகணும். நீங்க எழுதின மூலப் பிரதி எங்கயாவது இருக்கா?"

"அதை இன்னும் மாத்தலையா நீங்க? நான் இப்போதைக்குன்னுதான வச்சேன்."

"பதினோரு வருஷம் ஆச்சு சார்."

"ஒரு வாரத்துல மாத்தறதா இருந்தேன். சரி, என் ஃபோல்டருக்குள்ள 'பிறகு'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல பாருங்க. எல்லாத்தையும் புது மெஷின்ல முதல்லேர்ந்து உருவாக்கி, பொது இடத்துல வச்சு, சோதிச்சு லிங்க் பண்ணுங்க. சுத்தமாயிடும். அதுக்கப்புறம் என் பேரை அங்கேருந்து எடுத்துடலாம்."

"எவ்வளவு நாள் ஆகும் சார்?"

"பொறுமையாப் பண்ணா பத்து நாள்."

பத்து நாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்தது மூன்று நாள். பத்து நாளில் சுத்தமாகச் செய்து முடிக்கும்போது தனக்கு நாற்பத்தைந்து முடிந்து, மாடிப்படி ஆயுசுக்கும் நிலைத்துவிடும். சுத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது. டெம்பரரி பல்லைக் கடித்துக்கொண்டு இதுவரை எழுதிய ஸ்கிரிப்ட் அத்தனையும் அழித்தார். புதிதாக மூன்றே வரி எழுதினார். பழைய சாரின் ஃபோல்டரை அப்படியே பெயர்த்துவந்து புது மெஷினில் அவர் பெயரிலேயே வைத்து, எந்தப் புரோகிராம் எந்த லைப்ரரியைக் கேட்டாலும் கேள்வி கேட்காமல் அங்கேயே கைகாட்டு என்றது அது. சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டார்.

"வருதா?"

"வந்துச்சு."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. ஏங்க, நிஜமாவே சரியாயிடுச்சா?" அவள் குரலில் நாலு நாளாக இல்லாத ஒன்று இருந்தது.

"சரியாயிடுச்சு. நாளைக்கு எழுதிடுவாங்க. நீ குவார்ட்டர்ஸுக்கு என்னென்ன சாமான் எடுத்துக்கணும்னு பாத்து வை."

வெள்ளிக்கிழமை காலை பணியாளர் பிரிவு கிளார்க் ஒரு படிவத்தோடு வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் சேர்ந்த பெண், ரொம்ப ஒழுங்கு.

"சார், புது மெஷின்ல யார் யாருக்குக் கணக்கு வேணும்னு லிஸ்ட். எல்லாரும் சரியா இருக்கு. ஒரே ஒருத்தர் பேர்தான் கேள்வி. பழைய சார். அவர் கணக்கு புதுசுலயும் வேணுமா?"

"வேணும்."

"இல்ல சார், அவர் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்னியோட பழைய மெஷினை நிறுத்தறாங்க. இதோட விட்டுட்டா பதிவேடும் சுத்தமாயிடும், எனக்கும் ஒரு தலைவலி குறையும்."

"உனக்குத் தலைவலி குறையும், ஊருக்குத் தண்ணி நின்னுடும். அவர் ஃபோல்டர்லதாம்மா எல்லாமே லிங்க் ஆகியிருக்கு."

"அப்ப எழுதிக் கொடுத்திடறீங்களா?"

டெம்பரரி மளமளவென்று எழுதினார். 'மேற்படியாரின் கணக்கைப் புதிய இயந்திரத்திலும் மறு உத்தரவு வரும்வரை நீக்கக் கூடாது.' பதினோரு வருஷத்துக்கு முன் எழுதிய அதே வாசகம், கை தானாகவே எழுதியது. கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். இப்படி ஒரு பொறுப்பான ஆளையா இத்தனை காலம் தற்காலிகமாக வைத்திருந்தீர்கள் என்று அந்தக் கடிதமே கேட்பது போல் இருந்தது அவருக்கு.

பதினொரு மணிக்குச் சேர்மன் வந்தார். பொத்தானை அழுத்தினார். எண்பத்து நான்கு புரோகிராமும் ஓடின, வால்வுகள் திறந்தன, மூடின, கிழமை உட்பட எல்லாம் சரியாக இருந்தது. சேர்மன் கைதட்டினார். தலைமைப் பொறியாளர் அம்மா சொன்ன சொல் தவறவில்லை. எல்லோர் முன்னாலும் ஃபைலை வாங்கி, 'இவரைக் கம்ப்யூட்டர் பிரிவின் நிரந்தரப் பணியிடத்தில் இன்றே அமர்த்துக' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பழைய மெஷினின் மின்சாரத்தைத் துண்டித்து, நான்கு பேர் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"எழுதிட்டாங்க," என்று டெம்பரரி போனில் சொன்னார்.

மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மாமனார் குரல்.

"மாப்ளே, நல்லபடியா ஆச்சா? நான் ஏதாவது மனசு நோகக் கேட்டிருந்தா மனசுல வச்சுக்காதீங்க."

"அதெல்லாம் இல்ல மாமா," என்றார் டெம்பரரி. பதினாலு வருஷத்தில் அன்றுதான் அவரிடம் குரல் நடுங்காமல் பேசினார்.

நாலு மணிக்கு ஃபைல் திரும்பி வந்தது. அம்மாவின் கையெழுத்துக்குக் கீழே ஒரே வரி. 'காலிப் பணியிடம் இல்லை.'

டெம்பரரி அந்த வரியை மூன்று தடவை படித்தார். பிறகு ஃபைலைத் தூக்கிக்கொண்டு, மூன்று மாடி இறங்கி, பணியாளர் பிரிவுக்குப் போனார். எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கிளார்க் மட்டும் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தாள். ஃபைலை அவள் மேஜைமேல் வைத்தார். வைத்ததென்ன, போட்டார்.

"சேர்மன் கைதட்டினார். மேடம் கையெழுத்துப் போட்டாங்க. ஞாயித்துக்கிழமையோட எனக்கு வயசு முடியுது. இதுக்கு மேல நான் யார் கால்ல விழணும்னு சொல்லு."

"சார், உக்காருங்க."

"உக்காரத்தாம்மா இடம் கேக்கிறேன். பதினோரு வருஷமா ஒரே பதில். இருக்கிறது ஒரே ஒரு இடம், அதுல எவனோ உக்காந்திருக்கான். யாருன்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்கிறேன். பேரையாவது சொல்லு. என் பொண்டாட்டி இத்தனை வருஷமா பேர் தெரியாமலே சாபம் விட்டுக்கிட்டிருக்கா."

கிளார்க் மூடிய பதிவேட்டை மறுபடி திறந்து, அதில் செருகியிருந்த இரண்டு காகிதங்களை எடுத்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஒன்று பழுத்து மஞ்சளாகியிருந்தது. மற்றது வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டிலும் இருந்தது ஒரே கையெழுத்து.

"பழைய சார்தான் சார்," என்றாள் மெதுவாக. "பதிவேட்டுல பேர் இருந்தாத்தான் மெஷின்ல கணக்கு இருக்கும், அதனால அவர் ராஜினாமாவை ஏத்துக்காம உங்க லெட்டர்தான் நிறுத்தி வச்சிருந்தது. பழைய மெஷினோட அந்த லெட்டரும் இன்னிக்கு முடிஞ்சு இடம் காலியாகியிருக்கும், நீங்கதான் காலையில புதுசா ஒண்ணு எழுதிக் கொடுத்துட்டீங்க."